நான்கு முதுகுகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். அதன் பிறகு லோரி ஓட்டும் வேலை. சாப்பாட்டுக் கடைகளுக்குச் சமையல் கேஸ் சிலிண்டரை, எங்கள் பேச்சில் தோங்கை, இறக்கிவிட்டு ரசீதில் கையெழுத்துப் போடுவதைத் தவிர, பேனாவுக்கும் எனக்கும் வேறு பழக்கம் இல்லை. விழா மலர் தயாரிக்கும் தம்பிகள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

எங்கள் காற்பந்துக் குழுவுக்கு ஐம்பது வயது ஆகிறது. கிள்ளானில் மண்டபம் எடுத்து விருந்து வைக்கிறார்கள், மலரும் போடுகிறார்கள். அந்த மலரில் 'எல்லாக் காலத்துக்குமான பதினொருவர்' என்று ஒரு பக்கம் வரப்போகிறது. இந்தக் குழுவுக்கு ஆடியவர்களிலேயே சிறந்தவர்கள் ஒரே நாளில், ஒரே வயதில், ஒரே திடலில் இறங்கினால் யார் யார் இறங்குவார்கள் என்ற கற்பனை. செத்தவரும் வரலாம், சர்க்கரை நோயில் காலைக் கொடுத்தவரும் வரலாம்.

செயலாளர் என்னைப் பிடித்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைக் கடையின் பின்வாசலில். மத்தியானக் கூட்டம் முடிந்து இலைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். நான் தோங்கை உருட்டிக்கொண்டு போனேன். செயலாளரும் குழுவின் பழைய ஆட்கள் சிலரும் உள்ளே உட்கார்ந்து இதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார். அவர் என்னைவிட இளையவர், முன்வரிசையில் ஆடியவர்.

"அண்ணே, டிஃபென்ஸ் நாலு பேரையும் நீங்கதான் சொல்லணும்."

ஆடியவர்களைக் கேளுங்கள், நான் வெறும் கோல் கீப்பர் என்றேன்.

"எல்லாரையும் கேட்டாச்சு லா. ஒவ்வொருத்தனும் அவனவன் பேரைத்தான் சொல்றான். நீங்க ஒருத்தர்தான் எல்லாரையும் பின்னால இருந்து பார்த்தவரு."

அது உண்மைதான். கோலில் நின்றவனுக்குத் தன் ஆட்களின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் நான் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டை வியர்வையில் எந்த இடத்தில் முதலில் ஒட்டும், பயம் வந்தால் எந்தத் தோள் ஏறும் என்று என்னால் சொல்ல முடியும். எனக்குக் கூச்ச சுபாவம். கோயிலில்கூட மற்றவர்கள் அர்ச்சனைக்குப் பேர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, கடைசியில் மெதுவாகச் சொல்கிறவன். ஆனால் கோலில் நின்றால் எனக்கு வேறு தொண்டை வந்துவிடும். பக்கத்துச் சாலையில் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் குழுவில் திடலுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒரு காலத்தில் முருகன் பேரை வைத்த மூன்று பேர் ஒரே சமயத்தில் ஆடினார்கள். ஒருவரைக் கூப்பிட்டால் மூவரும் திரும்பி, அந்த நேரத்தில் கோல் விழுந்தது. அன்றைய கேப்டன் சட்டம் போட்டார்: இனி சட்டை நம்பர்தான் பேர். "ரெண்டு, நெருங்கு." "அஞ்சு, விடு, என் பந்து." அது அப்படியே வெளியிலும் தொற்றிக்கொண்டது. கல்யாண வீட்டு வாசலில் "நாலு வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். அதனால் இதில் நான் யார் பேரையும் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஆட்களை எடைபோட்டது அதை வைத்துத்தான். நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் கோல் கீப்பரைத் திரும்பிப் பார்க்க மாட்டார். குரலை நம்புவார். பின்னால் ஒருவன் நிற்கிறான், அவன் கத்துவான் என்று நம்பி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்கிற நேரத்தில் எதிராளி அரையடி எடுத்துவிடுவான். அந்த அரையடி போதும்.

வலது பக்கம், ரெண்டாம் நம்பர், யோசிக்க வேண்டியதே இல்லை. ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். குள்ளம், வளைந்த கால். பந்தைப் பார்க்கவே மாட்டார், எதிராளியின் இடுப்பைப் பார்ப்பார். காலும் கண்ணும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது என்பார். சட்டையின் இடது பாதி மட்டும் உள்ளே செருகியிருக்கும், வலது பாதி பறக்கும். அந்தப் பறக்கிற பாதியைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போய்வந்துகொண்டிருந்தார். போன வருஷம் அதுவும் நின்றுபோனது.

நாலாம் நம்பர் சாலாக் செலாத்தானில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சீனர். எங்களோடு ஆடி ஆடித் தமிழ் நன்றாக வரும், கெட்ட வார்த்தை இன்னும் நன்றாக வரும். பிடரியில் எப்போதும் கிரீஸ் கறை இருக்கும். ஆறடிக்கு மேல் உயரம், ஆனால் அமைதியாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. "அண்ணே, நீ கத்து. நீ கத்தலன்னா எனக்கு வீட்டுல யாரும் இல்லாத மாதிரி இருக்கு" என்பார்.

அஞ்சாம் நம்பர் எங்கள் கேப்டன். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை, அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி. எதிராளியை விழத்தட்டிவிட்டு, கை கொடுத்துத் தூக்கி, "குறை நினைக்காதேயும் தம்பி" என்பார். அடுத்த நிமிஷம் மறுபடியும் விழத்தட்டுவார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர் இப்போது மகளோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்.

இந்த மூவரையும் அன்றே, தோங்குக்கு ரசீது வாங்குவதற்குள் சொல்லிவிட்டேன். உள்ளே இருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. இடது பக்கம் யார் என்று கேட்பார்கள் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை. ஒருவர் தன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் என் கையைப் பிடித்து, "அது மெதுவா சொல்லுங்கண்ணே, அவசரமில்ல" என்றார்.

ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மூணாம் நம்பர் சட்டையை இந்தக் குழுவில் கடைசியாகப் போட்டவன் என் மகன். அவன் போய் ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அந்த நம்பரை அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆனால் அவனுக்கு முன்னால் ஒரு மூணு இருந்தார். அவரைப் பற்றி எழுதாமல் போக முடியாது. இப்போது கிள்ளானில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார். பெரிய வாய். தன்னைப் பற்றித் தானே பேசுவதில் அவருக்குச் சலிப்பே வராது. "நான் விட்ட பந்து ஒண்ணு சொல்லு பார்ப்போம்" என்று கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று கேட்பார். எரிச்சலாக இருக்கும், ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒரு பந்துகூட ஞாபகம் வராது. கோட்டை ஒட்டி எதிராளியின் கோல் வரைக்கும் ஏறுவார். பந்து போய்விட்டது என்று நாங்கள் நினைக்கும்போது இங்கே என் முன்னால் நிற்பார். எப்போது இறங்கினார் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் ஆடிய காலத்தில் நான் "மூணு, இறங்கு" என்று கத்தியதே இல்லை. அதற்கு முன்பே இறங்கியிருப்பார். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

என் மகன் பந்து ஆட வந்தது என்னால் இல்லை. நான் அவனை ஆடு என்று சொன்னதும் இல்லை, ஆடாதே என்று சொன்னதும் இல்லை. வீட்டில் நான் பேசுகிற ஆள் கிடையாது. அவன் இடைநிலைப்பள்ளி முடித்து, பூச்சோங்கில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் திடலில் வந்து நின்றான். அப்போது எனக்கு ஆடும் வயது தாண்டிவிட்டது. ஆனால் அந்த வருஷம் குழுவில் கீப்பர் கிடைக்காமல், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு மறுபடியும் நான்தான் நின்றேன். அதனால் ஒன்றரை வருஷம் நானும் அவனும் ஒரே குழுவில் ஆடினோம். கோலில் நான். எனக்கு முன்னால் இடது பக்கம் அவன்.

முதல் ஆட்டத்தில் அவனை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு வாயில் தானாக "மூணு" என்று வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மாவிடம் சொன்னான்: "ம்மா, அப்பா இன்னைக்கு என்கிட்ட பேசின பேச்சு, இத்தன வருஷத்துக்கும் சேர்த்து இருக்கும்." அவள் என்ன பேசினார் என்று கேட்டாள். "ஏறு, இறங்கு, நெருங்கு, விடு. நாலு வார்த்தை. ஆனா நூறு தடவ."

அதிலிருந்து வீட்டிலும் அவனை மூணு என்றுதான் கூப்பிட்டேன். அவனும் அதற்குத்தான் சீக்கிரம் திரும்புவான்.

அவன் நன்றாக ஏறுவான். இறங்கத்தான் நேரமாகும். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும். பழைய மூணு ஒருநாள் கிள்ளானிலிருந்து ஆட்டம் பார்க்க வந்தவர், ஓரத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, நீ ஏற டிக்கெட் எடுக்கற, இறங்க டிக்கெட் எடுக்க மறந்துடற." அங்கே எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் என் மகன்தான். வீட்டில் வந்து சொல்லியும் சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதர் சமைத்த விசேஷத்தில் அவள் இலையில் உட்கார்ந்ததில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் முடிந்தால் நானும் அவனும் மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்காரர் ரொட்டிக் கடையில், உட்காருவோம். அங்கே அவனுக்கு ஒரு விளையாட்டு. மேஜையில் இருக்கும் கிளாஸ்களை வரிசையாக வைத்து, நம் குழுவுக்கு எல்லாக் காலத்துக்குமான டிஃபென்ஸ் வைப்பான். ஆம், இப்போது மலரில் கேட்கிற அதே விளையாட்டுத்தான். அதை அவன்தான் முதலில் ஆடினான். உப்பு டப்பா நான். தே தாரேக் தேநீர்க் கிளாஸ் ரெண்டாம் நம்பர், உயரமான ஐஸ் கிளாஸ் நாலாம் நம்பர், மைலோ கிளாஸ் அஞ்சாம் நம்பர். நான் சொல்லிச் சொல்லி அவர்கள் எல்லாரையும் அவனுக்குத் தெரியும், அவர்கள் ஆடி அவன் பார்த்ததில்லை. மூணாம் இடத்துக்கு எப்போதும் பழைய மூணுதான். ஒருநாள் நான் பல்குச்சி டப்பாவை எடுத்து, இது யார் என்றேன். அதை அவன் என் கையிலிருந்து வாங்கி, மேஜையின் ஓரத்தில், துடைக்கும் காகிதத்தின் மேல் வைத்தான்.

"இது நான். என்னைய ரிசர்வ்ல போடுப்பா. அவரு இறங்கற இறக்கம் எனக்கு வராது."

நான் சரி என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ரொட்டி வந்தது, சாப்பிட்டோம்.

பிறகு ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், மழை, வளைவு, ஒரு லோரி. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. நானும் லோரி ஓட்டுகிறவன். அடுத்த வாரமே ஸ்டீரிங்கைப் பிடித்தேன், வேறு என்ன செய்வது? திடலுக்கு மட்டும் அதன் பிறகு நான் போகவில்லை.

மலர் விஷயத்தை மனைவிக்குச் சொல்லாமல்தான் இருந்தேன். ஆனால் கைப்பேசியில் குரல் பதிவு வந்தால் சத்தத்தைக் குறைக்க எனக்குத் தெரியாது. ஒரு காலை நான் பசியாறிக்கொண்டிருக்கும்போது செயலாளரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "அண்ணே, மூணாம் நம்பர் யாருன்னு நாங்க கேக்கவே மாட்டோம், எங்களுக்குத் தெரியும். தம்பியோட நல்ல படம் ஒண்ணு மட்டும் அனுப்பிடுங்க."

அவள் தோசைக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

அந்த வாரம் வீடு மாறிப்போனது. ஆறு வருஷமாகத் தொடாத படங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். பள்ளிச் சீருடையில் ஒன்று, பால்குடம் பார்க்கப் போனபோது பத்துமலையில் ஒன்று. என் தட்டில் கறி அதிகமாக விழுந்தது. கிள்ளானில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் செய்து பேசுவதைக் கேட்டேன். "அவன எல்லாக் காலத்துக்கும்னு போடறாங்களாம்க்கா" என்றாள். அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரி என்று செயலாளருக்கு ஒரு வார்த்தை. யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. எல்லாரும் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

அதுதான் எனக்கு முடியவில்லை. அவர்கள் கொடுப்பது அவன் ஆட்டத்துக்கு இல்லை, அவன் செத்ததற்கு. ரெண்டு, நாலு, அஞ்சு மூவரும் ஆடி வாங்கிய இடத்தில் நிற்க, என் பிள்ளை செத்து வாங்கிய இடத்தில் நிற்பான். அவனே கேட்டால் சிரிப்பான். "என்னாப்பா இது" என்பான்.

நான் இன்னும் படம் அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டுப் பழைய மூணு எனக்குப் போன் செய்தார். முதல் தடவையாகத் தன்னைப் பற்றிப் பேசாமல் ஆரம்பித்தார்.

"யோவ், பையனப் போடுயா. நான் பதினோரு பேருல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எனக்கு இனிமே பொண்ணா பாக்கப் போறாங்க?"

முடியாது, மூணாம் நம்பர் நீதான் என்றேன்.

"நீ கோல்ல நின்னப்பவே இப்படித்தான். பந்து கோட்டத் தாண்டுச்சான்னு ரெஃப்ரிக்கே தெரியாது, நீ போய் தாண்டுச்சுன்னு சொல்லிட்டு நிப்ப. எத்தன மேட்ச் உன்னால தோத்தோம்."

திட்டிக்கொண்டே அழுதார் என்று நினைக்கிறேன். வைத்துவிட்டார்.

மனைவியிடம் சொல்லத்தானே வேண்டும். அவள் கையில் சட்டம் போட்ட படம் இருந்தது, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்திருந்தாள். நான் அந்த இடத்துக்கு அவனைச் சொல்லவில்லை என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. யாரைச் சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அந்தாளா? பெத்த புள்ளைக்கு ஒரு இடம் குடுக்க உங்க கைக்கு வரலையா?"

நான் மாமாக் கடை விஷயத்தைச் சொன்னேன். கிளாஸ், உப்பு டப்பா, பல்குச்சி டப்பா, அவனே ரிசர்வில் போடச் சொன்னது எல்லாம். இதைச் சொன்னால் அவளுக்குப் புரியும் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் சும்மா சொல்லியிருப்பான். இல்லடா, நீதான்டா மூணுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு சொல்லியிருப்பான். நீங்க என்ன சொன்னீங்க?"

சரி என்றுதான் சொன்னேன்.

அந்தச் சாயங்காலத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து, அதைத்தான் நல்ல சாயங்காலம் என்று வைத்திருந்தேன். அவன் டப்பாவை வைத்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது தேடுகிறேன். சிரித்தான். அது எனக்கு நன்றாக ஞாபகம். எப்போது சிரித்தான், நான் சரி என்பதற்கு முன்னாலா, பின்னாலா? அது ஞாபகம் இல்லை. என் மனைவி சொன்னது நிஜமா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

அதன் பிறகு வீட்டில் சாப்பாடு வரும், பேச்சு வராது. படங்கள் மறுபடியும் அலமாரிக்குள் போயின. செயலாளரிடம் மூணாம் நம்பர் பழைய ஆள்தான் என்று சொன்னேன். ரிசர்வ் என்று ஒரு வரி கீழே போட முடியுமா, அதில் என் மகன் இருக்கட்டும் என்று கேட்டேன். பதினொருவர் பக்கத்தில் ரிசர்வ் கிடையாது, ஆனாலும் போடுகிறோம் அண்ணே, நீங்களே நாலு பேரைப் பற்றியும் கொஞ்சம் எழுதிக்கொடுங்கள் என்றார். நான் எழுதியதே இல்லையே என்றேன். அதனால்தான் இது இவ்வளவு நாள் இழுத்தது.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரெண்டு, நாலு, அஞ்சு வரை எழுதியிருந்தேன். அவள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். என்னைவிடப் படித்தவள், மூன்றாம் படிவம் வரை போனவள். தாளை எடுத்துப் படித்தாள். ஒன்றிரண்டு எழுத்தை என் பேனாவை வாங்கித் திருத்தினாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"இவங்களுக்கெல்லாம் எப்படி ஓடுவாங்க, எப்படி நிப்பாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவன் எப்படி ஆடுவான்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஆடி அவள் பார்த்ததே இல்லை. சனி ஞாயிறு என்றால் அவளுக்குச் சமையல் வேலை, யார் வீட்டு விசேஷமாவது இருக்கும். வந்தது ஒரே ஒரு ஆட்டம், கிள்ளானில் ஒரு தீபாவளிக் கிண்ணத்துக்கு. அன்று அவன் ரிசர்வில் இருந்தான். கடைசி ஐந்து நிமிஷம் இறக்கினார்கள், பந்து அவன் பக்கம் வரவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அவனிடம், நீ நல்லா ஆடினடா என்றாள். அவனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

அதனால் சொன்னேன். என் வாயால் அவ்வளவு நேரம் நான் வீட்டில் பேசியதில்லை. பந்து கிடைத்ததும் தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்ப்பான், உன் அண்ணன் சைக்கிள் மிதிக்கும்போது சாய்ப்பாரே, அப்படி. சட்டைக் கையை இரண்டு தடவை மேலே இழுத்துவிடுவான். பிறகு கோட்டை ஒட்டி ஓடுவான், சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே. காய்ந்த நாளில் வெள்ளையாகத் தூள் கிளம்பும். பின்னாலிருந்து பார்த்தால் அந்தத் தூளுக்குள் மூணு என்ற நம்பர் மட்டும் சின்னதாகிக்கொண்டே போகும். ஓடி யாரும் அவனைப் பிடித்து நான் பார்த்ததில்லை. பழைய மூணுகூட அவ்வளவு வேகம் கிடையாது.

"அப்புறம் ஏன் அவன் இல்ல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செயலாளரிடமும் இல்லை, பழைய மூணிடமும் இல்லை. பாதித் திடல் தாண்டும்போது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான் என்றேன். ஒவ்வொரு தடவையும். அந்தத் திரும்பலில்தான் அரையடி போய்விடும். அதனால்தான் இறங்க நேரமாகும். திரும்பாதே, திரும்பாதே என்று நான் கத்தியிருக்கிறேன். கத்தினால் அதற்கும் திரும்புவான்.

"எதுக்குத் திரும்புவான்?"

"நான் பாக்கறேனான்னு."

அவள் எழுந்து போய்விட்டாள். அறைக்குள் அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆடியவர்களில் எத்தனையோ முதுகு தெரியும். திடலில் நான் பார்த்த முகம் அவன் ஒருவனுடையதுதான்.

வெகுநேரம் கழித்து ஒரு படத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். சட்டம் போட்ட படம் இல்லை. கிள்ளான் ஆட்டத்தில் அவள் கைப்பேசியில் எடுத்து, பிரதி போட்டு வைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான். மூணாம் நம்பர் பாதி தெரிகிறது. முகத்தை மட்டும் நிமிர்த்தி அவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"ரிசர்வுன்னா இதுதான் இருக்கு. இதப் போடச் சொல்லுங்க" என்றாள். அடுப்படிக்குப் போனவள் வாசலில் நின்றாள். "ஆனா நீங்க அவனத்தான் மூணுல போட்டிருக்கணும்."

போட்டிருக்கலாம்தான்.

தம்பிகளே, படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவளிடம் அந்தப் பிரதி ஒன்றுதான் இருக்கிறது.

11 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை.